கல்மேல் வைத்த சோறு

ஐப்பசி 27, செவ்வாய் (நவம்பர் 12)

இந்நாட்டுக்கு வந்து மூன்று திங்கள் நிறைந்தன. மகன் அம்பலவாணன் மறைந்து பதினோரு திங்கள்.

ஐந்து மணிக்கு எழுந்து நீராடிப் பூசை முடித்துச் சோறு வடித்தேன். பருப்பும் நெய்யும் சேர்த்த முதல் பிடியைக் காக்கைக்கென எடுத்துச் சென்று, ஆட்டுக்கொட்டிலுக்கு வடக்கே புல்வெளி முடியுமிடத்தில் கிடக்கும் தட்டைக் கல்லின்மேல் வைத்தேன். அவன் பெயரைச் சொல்லித்தான் வைக்கிறேன். குளிர் எலும்பைத் தொடுவதால் நின்று பார்க்க இயலவில்லை. எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தபோது கல் கழுவினாற்போல் இருந்தது. இந்த மூன்று மாதத்தில் ஒரு பருக்கையும் மீந்ததில்லை. ஊரில்கூட இத்தகைய ஏற்பைக் கண்டதில்லை.

மருமகள் எமில்டாவின் வீட்டில் அடுப்பு இரண்டு. என்னுடைய மின்னடுப்பும் பாத்திரங்களும் தனி. இந்த ஏற்பாட்டை நான் வருமுன்பே அவள் செய்து வைத்திருந்தாள். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை என்று எழுதுவதே சரி.

மாலை அவள் நீண்ட பெட்டி ஒன்றுடன் வந்தாள். உள்ளே துப்பாக்கி. சென்ற மாதம் கயோட்டி ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுபோயிற்று, அதற்காக வாங்கியிருக்கிறாள். கயோட்டி என்பது நம் நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி. இரண்டு வாரமாக சனிக்கிழமைதோறும் அவள் நகரத்துக்குப் போய்வந்தது வேட்டைப் பயிற்சி வகுப்புக்காம். சான்றிதழைக் காட்டினாள். அதனோடு அறுபத்தெட்டுப் பக்கமுள்ள மாநில வேட்டை விதிப் புத்தகம் ஒன்றையும் மேசைமேல் வைத்தாள்.

நீறு பூசிய நெற்றியுடன் நான் வாழும் கூரையின்கீழ் துப்பாக்கியா என்று வாய்வரை வந்தது. சார்பு நீதிமன்றத்தில் முப்பத்தோராண்டு எழுத்தராக இருந்தவன் நான். விதி உள்ள இடத்தில் தடையும் இருக்கும். புத்தகத்தை என் அறைக்கு எடுத்து வந்துவிட்டேன்.


ஐப்பசி 29, வியாழன்

புத்தகத்தை உரைநூல் படிக்கும் முறையில் படித்தேன். பொதுவிதி, சிறப்புவிதி, விதிவிலக்கான புறனடை என்று தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொண்டேன்.

பொதுவிதி ஏமாற்றமளித்தது. மானுக்கும் வாத்துக்கும் பருவம் உண்டு, எண்ணிக்கை உண்டு. கயோட்டிக்கு ஆண்டு முழுதும் பருவம், எண்ணிக்கைக்கு வரம்பில்லை. சொந்த நிலத்தில் உரிமச்சீட்டும் வேண்டாம். அவளோ வேண்டாத சீட்டையும் வாங்கி வைத்திருக்கிறாள்.

சிறப்புவிதிகள் சற்றுக் கடுமை. அயலான் நிலத்தில் கால்வைக்க எழுத்துமூலம் இசைவு வேண்டும். பிறர் குடியிருப்புக்கு அருகில் சுடலாகாது. டிசம்பர் முதல் வாரம் மான் வேட்டைக்குரிய வாரம். அப்போது மட்டும் கயோட்டிக்கும் மானுக்குரிய துப்பாக்கியே செல்லும், கதிர் எழ அரைமணி முன்பிருந்து கதிர் மறைந்து அரைமணி பின்புவரையே செல்லும், ஆரஞ்சு நிற மேலாடை கட்டாயம். நாற்பத்தைந்தாம் பக்கத்துக்குமேல் உள்ளவை வாத்துப் பிடிப்போருக்கானவை என்று தோன்றியதால் புறனடைக் கட்டத்தை வெற்றாகவே விட்டேன்.

தடை கிட்டவில்லை. சோறு இன்றும் மீதமில்லை.


கார்த்திகை 2, ஞாயிறு (நவம்பர் 17)

எமில்டா தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில் அடுத்த பண்ணைக்காரர் வேய்னிடம் இசைவுக் கடிதம் பெற்று வந்தாள். எண்பதை நெருங்கும் தனிக்கட்டை, செவியில் கருவி. நாற்பதாண்டில் தம்மிடம் எவரும் கடிதம் கேட்டதில்லை என்றாராம். வீட்டில் ஒரு நீதிமன்றத்துக்காரர் இருக்கிறாரென்று இவள் சொல்ல, அப்படியானால் இரண்டு படி எழுதித் தருகிறேன் என்று ஒன்றை எனக்கும் கொடுத்தனுப்பியிருக்கிறார். கோப்பில் சேர்த்தேன்.

கதிர் எழும் நேரம் பஞ்சாங்கப்படி ஆறு பதினாறு என்று அவளிடம் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அது திருநெல்வேலிச் சூரியன் மாமா. இங்கத்துச் சூரியன் சோம்பேறி, ஏழே காலுக்குத்தான் எந்திக்கும்."

அதன்பின் கொட்டிலுக்குத் தெற்கே வைக்கோற்கட்டில் தாளொன்றைக் குத்திப் பயின்றாள். ஐந்து சுட்டாள். ஐந்தும் ஒரு விரற்கடைக்குள். பார்க்க வேண்டுமென்று நான் நிற்கவில்லை; விறகு எடுக்கப் போயிருந்தேன்.


கார்த்திகை 4, செவ்வாய்

மூன்று நாளாக விடியற்காலையில் பண்ணையின் தெற்கு வாயிலில் வெட்டவெளியில் நிற்கிறாள். கொட்டிலின் வடசுவரில் ஒரு சாளரம் இருக்கிறது. காற்றுப் படாது, புல்வெளி முழுதும் தெரியும். அதை விட்டு உறைபனியில் ஏன் நிற்கிறாள் என்பது விளங்கவில்லை. பயிற்சி வகுப்பில் சொல்லித் தரவில்லை போலும்.


கார்த்திகை 5, புதன்

இன்னொரு குட்டி போயிற்று. வெள்ளைக் காலுடையது. எமில்டா எஞ்சியதைப் புதைத்துவிட்டு வந்து, கை கழுவி, பத்தொன்பது ஆடுகளையும் கறந்தாள்.

இனி அச்சமெல்லாம் செவலையைப் பற்றித்தான். மகன் இந்நாட்டில் முதன்முதல் வாங்கிய ஆடு அது. நிறைசினை, டிசம்பர் முதல் வாரம் ஈனும். வயதாகிவிட்டதால் இதுவே கடைசி ஈற்று என்கிறாள். ஆட்டை விற்றுவிட்டு நகரத்தில் இவள் படித்த வேலையைப் பார்க்கலாமே என்று ஆகஸ்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். செவலை ஈன்று முடிக்கட்டும் மாமா என்றாள். அப்போது அதை ஒரு சாக்கு என்று எண்ணினேன்.


கார்த்திகை 7, வெள்ளி (நவம்பர் 22)

இன்று கண்டதை எழுதாமல் உறங்கலாகாது.

ஏழு மணிக்குச் சமையலறைச் சாளரத்தருகே நின்றிருந்தேன். கல்லை மறைத்து நிற்கும் முட்புதருக்குப் பின்னால் சாம்பல் நிற முதுகு ஒன்று அசைந்தது. கயோட்டி. தலையைத் தாழ்த்தி எதையோ முகர்ந்துகொண்டிருந்தது. கொட்டிலில் கறந்துகொண்டிருந்த எமில்டாவும் வடக்குச் சாளரத்தின் வழியே அதைக் கண்டாள். துப்பாக்கியை எடுத்தாள். அறுபது அடி இருக்கலாம். ஒரு விரற்கடைக்குள் ஐந்து சுட்டவளுக்கு அது தொடும் தொலைவு.

அவள் குழலைச் சாளரத்தில் ஊன்றி, கன்னத்தைப் பதித்து, நெடுநேரம் பார்த்தாள். பிறகு தாழ்த்திவிட்டாள். கையைத் தட்டினாள். விலங்கு இடப்புற முன்காலைத் தாங்கியபடி நொண்டி ஓடிற்று.

அவள் பாற்செம்புடன் வந்தபோது ஏன் சுடவில்லையென்று கேட்டேன்.

"இன்னைக்குச் சரியில்ல மாமா," என்றாள்.

இரண்டு குட்டிகளைப் பறிகொடுத்தவள், பகைவன் எதிர்நின்றபோது அருளினாள். ஆநிரை கவர்ந்தவரைத் தொடர்ந்து மீட்கும் மறவரைப் பழம்பாடல்கள் எவ்வளவோ புகழ்கின்றன. மீட்க வல்லவள் வில்லைத் தாழ்த்தியதைப் பாட ஒரு புலவன் இங்கு இல்லை. உயிர்க்கொலை வேண்டாவென்று நான் வாயால் சொல்லி வந்ததை அவள் கையால் செய்து காட்டினாள். வேறு சமயத்தில் பிறந்தவளிடத்தும் பெருமான் இப்படி வெளிப்படுவான் போலும். இதுநாள்வரை நான் அவளைச் சரியாகப் பார்க்கவில்லை.


கார்த்திகை 8, சனி

நேற்று எழுதியதை அடித்துவிட நினைத்தேன். அடிக்காமல் விடுவதே எனக்குத் தகும்.

காலையில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்குமுன், விட்ட பக்கங்களையும் பார்த்துவிடுவோமென்று அமர்ந்தேன். அறுபத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. தமிழில் இவ்வாறு வரும்: தானியமோ சமைத்த உணவோ விலங்கை ஈர்க்கத்தக்கதாய் ஓரிடத்தில் வைக்கப்பட்டிருப்பின், வைத்தவரின் நோக்கம் யாதாயினும், அவ்விடத்தைச் சுற்றி நூறு கஜத்துக்குள் எவரும் வேட்டையாடலாகாது; உணவை முற்றும் அகற்றிப் பத்து நாள் முழுதும் கழியும்வரை அவ்விடம் உணவுள்ள இடமாகவே கொள்ளப்படும்.

வைத்தவரின் நோக்கம் யாதாயினும்.

மூன்றுமுறை படித்தேன். நான் தேடிய தடை இதுதான். தடை நானேதான்.

கல்லண்டை போனேன். மூன்று மாதத்தில் முதல்முறையாக நின்று, குனிந்து, மண்ணைப் பார்த்தேன். காக்கையின் அடி ஒன்றுமில்லை. நான்கு விரற்பதிவு எங்கும். மூன்று காலின் தடம் ஆழமாகவும் ஒரு காலின் தடம் இலேசாகவும். வடக்குச் சாளரத்தை விட்டு அவள் தெற்கு வாயிலில் நின்றதும் அப்போதுதான் விளங்கிற்று. கொட்டிலைக் காவல் காக்க, கல்லிலிருந்து நூறு கஜத்துக்கு அப்பால் உள்ள ஒரே இடம் அது.

கொட்டிலில் செவலைக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள். இது எப்போதிருந்து தெரியுமென்று கேட்டேன். என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"செப்டம்பர்லயே மாமா. கல்லைச் சுத்தி அடி கெடந்துச்சு."

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா."

"அவியளுக்கு வைக்கீங்க. அத எப்படி வேண்டாம்னு சொல்லுவேன்?"

ரெண்டு குட்டி போச்சே என்றேன். ஆமா என்றாள். நேற்றுச் சுட்டிருந்தால் யாருக்குத் தெரியும், அதிகாரி நாற்பது மைலுக்கு அப்பால் அல்லவா இருக்கிறார் என்றேன். நீதிமன்ற எழுத்தன் கேட்கக்கூடாத கேள்வி, கேட்டுவிட்டேன்.

"எனக்குத் தெரியும்லா," என்றாள். பிறகு, என்னைத் தேற்றுவதுபோல், "நீங்க காக்கான்னு நெனச்சுத்தான வச்சீங்க. இங்க காக்கா ரொம்ப பிகு மாமா, சோறெல்லாம் தொடாது."

கொதிநீர் கொண்டுபோய்க் கல்லை நானே தேய்த்துக் கழுவினேன். சுற்றிலும் ஒரு சாண் மண்ணை வெட்டி எடுத்து நெடுந்தொலைவில் புதைத்தேன். முடித்தபோது பகல் பதினொன்று இருபது. நேரத்தைக் குறித்து, எமில்டாவிடம் காட்டி, கையொப்பம் வாங்கினேன். சிரித்துக்கொண்டே போட்டாள்.


கார்த்திகை 9, ஞாயிறு

முதல் நாள்.


கார்த்திகை 11, செவ்வாய்

மூன்றாம் நாள். பத்து நாளுக்குள் செவலை ஈன்றுவிட்டால் என்ன செய்வது என்ற கவலை தின்றது. புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன். ஓசை எழுப்பி விலங்கை விரட்டுவதற்குப் பருவமில்லை, சீட்டில்லை, நேரமில்லை, நிறமில்லை. பூசைக்கென ஊரிலிருந்து கொண்டுவந்த வெண்கலச் சேகண்டியை என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பதே இதுவரை வழக்கம். இன்று மாலைப் பூசையில் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கொட்டிலை மும்முறை வலம்வந்தேன். ஆடுகள் மிரண்டன, பிறகு பழகின. தினைப்புனத்தில் தட்டை, தழல் என்னும் ஒலிக்கருவிகளால் கிளி விரட்டிய மகளிரை எத்தனை பாடல்களில் படித்திருக்கிறேன். எழுபத்து நான்கு வயதில் அந்த வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது.

வேய்ன் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். அந்த மணிக்கு எந்த மாதம் பருவம் என்று கேட்டாராம். செவிக்கருவியைக் கழற்றிவிட்டால் ஆண்டு முழுதும் என்று எமில்டா சொல்லியனுப்பினாள்.


கார்த்திகை 12, 13, 14

நான்கு, ஐந்து, ஆறு. காலையும் மாலையும் சேகண்டி. ஆடுகள் நலம்.


கார்த்திகை 15, சனி (நவம்பர் 30)

ஏழாம் நாள். அமாவாசை.

நீராடி வந்து, சோற்றைப் பிடித்து, பிடியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. பின்னால் எமில்டா வந்து நின்றதும் தெரியவில்லை.

"வைங்க மாமா. அமாவாசையாச்சே. மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணிக்கிடலாம்."

எண்ணிக்கொள்ளலாமென்றால் செவலை ஈனும் வாரம் கழிந்துவிடும். அது அவளுக்கு நன்கு தெரியும். தெரிந்தேதான் சொன்னாள். அவ்வளவு எளிதாக, மோர் வேண்டுமா என்று கேட்பதுபோல் சொன்னாள்.

"வேண்டாம்மா. அவன் ஆடு நல்லா இருந்தா அவனுக்குப் போதும்," என்றேன்.

அந்தப் பிடியை நானே உண்டேன். இந்தச் சாந்தலிங்கப் பிள்ளையின் மகன் கிறித்தவப் பெண்ணை மணந்தான் என்று ஊரார் சொன்னபோது, ஆறாண்டு நான் அவனுக்குக் கடிதம் எழுதவில்லை. இதை இந்நாட்குறிப்பில் எங்கும் எழுதியிருக்கவில்லை.


கார்த்திகை 17, திங்கள் (டிசம்பர் 2)

ஒன்பதாம் நாள். மான் துப்பாக்கி வாரம் இன்று தொடங்கிற்று. தொலைவில் வெடியோசை. அவள் வாங்கிய துப்பாக்கி இவ்வாரம் செல்லாது. மானுக்குரிய ரகத்தை வேய்ன் இரவல் கொடுத்தார். இரவல் வாங்கலாமா என்று புத்தகத்தில் பார்த்த பிறகே பெற்றுக்கொண்டாள். அது கிட்டத்திலிருந்து சுடுவது. எண்பது அடிக்குமேல் அதை நம்பமாட்டேன் என்கிறாள். விலங்கு கல்லருகே வந்தால்தான் உண்டு.

எனக்கும் ஓர் ஆரஞ்சு மேலாடை வாங்கி வந்தாள். அணிந்து கண்ணாடியில் பார்த்தேன். துறவு பூணாமலே பாதி வழி வந்துவிட்டேன்.


கார்த்திகை 18, செவ்வாய்

பத்தாம் நாள். செவலையின் மடி இறங்கிவிட்டது. நாளையோ மறுநாளோ என்கிறாள்.

மாலை சேகண்டி அடிக்கவில்லை. வேண்டுமென்றே அடிக்கவில்லை. அது வரவேண்டும். இதை எழுதும் கை இருபதாண்டுகளாக ஊர்க்கோயிலில் பதிகம் எழுதிக் கொடுத்த கை.


கார்த்திகை 19, புதன் (டிசம்பர் 4)

கதிர் எழுவது ஏழு முப்பத்தாறு. ஆகவே ஏழு ஆறுக்குமேல் சுடலாம். வடக்குச் சாளரத்தில் எமில்டா. அவளுக்குப் பின்னால் ஆரஞ்சு ஆடையில் நான். கண் குறியில் இருக்கவேண்டுமாதலால் நேரம் பார்ப்பது என் வேலை.

ஆறு ஐம்பத்தெட்டுக்கு வந்தது. முட்புதரைச் சுற்றி நொண்டியபடி வந்து கல்லின்மேல் ஏறி நின்றது. கல்லை முகர்ந்தது. நக்கியது. மறுபடி முகர்ந்து, வீட்டை நோக்கித் தலையைத் தூக்கி நின்றது. அந்தப் பார்வைக்குப் பொருள் எனக்கு மட்டுமே தெரியும். நாள்தோறும் இந்நேரம் அந்தக் கதவைத் திறந்துகொண்டு ஒருவன் வருவான்.

எட்டு நிமிடம். எமில்டா அசையவில்லை. கொட்டிலில் செவலை முனகிற்று. கயோட்டியின் காது அந்தப் பக்கம் திரும்பிற்று. கல்லிலிருந்து இறங்கி, கொட்டிலை நோக்கி நான்கடி வந்தது. ஏழு மூன்று. அவள் விரல் விசைக்காப்புக்கு வெளியே நேராக நீண்டிருந்தது. என் சொல்லுக்காகக் காத்திருந்தாள். சொல்லாதிருந்துவிட்டால் அது தானே போய்விடும் என்று ஒரு நினைவு வந்தது. ஏழு ஐந்து. அந்த நினைவுக்கு இரண்டு குட்டிகளை ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

"நேரமாயிட்டும்மா," என்றேன்.

ஒரு வெடி. அது இருந்த இடத்திலேயே விழுந்தது; துடிக்கவில்லை.

எமில்டா குண்டுறையை அகற்றி, துப்பாக்கியைத் திறந்து வைத்து, கண்ணை மூடித் தன் முறையில் ஏதோ வேண்டிக்கொண்டாள். பிறகு இருவரும் போய்ப் பார்த்தோம். கிழம். பற்கள் தேய்ந்திருந்தன. முன்காலில் எப்போதோ பொறியில் சிக்கிய பழைய வடு. ஓடி வேட்டையாட மாட்டாதது. அதனால்தான் சோற்றுக்கும் குட்டிகளுக்கும் வந்தது என்றார் வெடியோசை கேட்டு வந்த வேய்ன். தொப்பியைக் கழற்றிவிட்டு, அவரே குழி வெட்டினார்.

என் மகனுக்கென்று நான் வைத்த சோற்றை நூறு நாளுக்குமேல் உண்டது இது. பெற்றுக்கொண்டவர் வேறு எவருமில்லை. மூன்று பிடி மண் இட்டேன்.

வீடு திரும்புகையில், உறவில் ஒரு சாவுக்குப் போய்வந்தவனைப்போல் தலை முழுகியே உள்ளே போகவேண்டும் என்று எண்ணினேன். ஒரு விலங்குக்கா என்று இவள் நினைப்பாளே என்று தயங்கிப் பின்வாசலில் நின்றேன். எனக்கு முன்னே விரைந்து போயிருந்தவள் கதவைத் திறந்தாள். கையில் துண்டும் மாற்று வேட்டியும்.

"வெந்நீர் போட்டுட்டேன் மாமா. குளிச்சிட்டு வாங்க."


கார்த்திகை 20, வியாழன்

விடியலில் செவலை இரண்டு ஈன்றது. இரண்டும் பெட்டை. ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளை.

இன்று என் அடுப்பில் எதுவும் வைக்கவில்லை. எமில்டா தன் அடுப்பில், தன் பாத்திரத்தில் சோறும் பருப்பும் வைத்தாள். இருவருக்கும் ஒரே மேசை. முதல் பிடியை நெய்யிட்டுப் பிசைந்தேன். கை பழக்கத்தால் உயர்ந்து நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தட்டில் வைத்தேன். அவன் பெயரைச் சொல்லித்தான் வைத்தேன்.